ஹார்மென் வீட்டு அயல்நீர்

ஏசிப் பெட்டி வந்து இறங்கியது ஏப்ரல் கடைசியில். ஜூலை பிறந்த பிறகும் அது தோட்டத்தில், காங்கிரீட் மேடைமேல், பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு, கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதனால் இதுவரை பயனடைந்த ஒரே ஜீவன் ஒரு சாம்பல் நாரை. பெட்டியின் தலையில் ஏறி நின்று, கீழே வாய்க்காலில் மீன் பார்த்துக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் பாக்கி இருந்த வேலை இரண்டே இரண்டு. தண்ணீர் வெளியே போக ஒரு குழாய், மின்சாரம் உள்ளே வர ஒரு வயர். வேறு ஊர்களில் இதை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுவார்களாம். வேறு ஊர்களில் நீர் வாரியம் இல்லை போலிருக்கிறது.

நாங்கள் ஹாலந்துக்காரர்கள், அதிலும் லாகெமேர்க்காரர்கள். எங்கள் ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே; எங்கள் தலைக்கு மேலே கடல் இருக்கிறது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே கரை இருக்கிறது. கரைக்கும் மேலே வாரியம் இருக்கிறது. ராஜா வருவதற்கு முன்பே வாரியம் வந்துவிட்டது என்று வாரியமே சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். அதன் தலைவருக்குக் கரைநாயகர் என்று பட்டம். சேர்மன் என்று அழைத்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் மட்டும் வராது.

ஹார்மென் பஸ் ஓட்டுகிறவன். சிவப்பு விளக்குக்கு நிற்பான், பச்சைக்குப் போவான், இரண்டுக்கும் நடுவே கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. அவன் மனைவி வீட்ஸ்கேவுக்கு நரம்பு நோய். குளிர்ந்த நாட்களில் கைத்தடியோடு ரொட்டிக் கடை வரை போய், நாலு பேரைக் கிண்டல் செய்துவிட்டு வருவாள். வெயில் ஏறினாலோ இரண்டு காலும் பஞ்சாகிவிடும். போன கோடையில் அப்படித்தான் ஆனது. வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல், நகரத்துப் பராமரிப்பு இல்லத்தில் குளிரூட்டிய அறை ஒன்றில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அங்கே அவளுக்குக் குழந்தைகள் குடிக்கிற மூடி போட்ட கோப்பையில் காபி கொடுத்தார்கள். எண்ணைக் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் அடிக்கிற பிங்கோ ஆட்டத்தைத் தினமும் ஆட வைத்தார்கள். இங்கே ஹார்மென் நின்றுகொண்டே ரொட்டியைத் தின்றுவிட்டு, எதிரே காலியாக இருந்த நாற்காலியிடம் இரவு வணக்கம் சொல்லிப் படுத்தான்.

வீடு திரும்பிய அன்று அவள் சொன்னாள்: "இன்னொரு தடவை என்னைப் பிங்கோவுக்கு அனுப்பினே, ஹார்மென், நடக்க முடியாட்டியும் உருண்டு போய் வாய்க்கால்ல விழுவேன்."

அதற்காக வாங்கியதுதான் இந்தப் பெட்டி. பழைய மரவீடு, தாழ்ந்த கூரை, சுவரில் எதையாவது மாட்டினால் சுவரே கூடச் சேர்ந்து வந்துவிடும். ஆகவே எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய, வீட்டுக்கு வெளியே வைக்கிற ரகம். குளிர்ந்த காற்று மட்டும் சுவரில் போட்ட துவாரம் வழியாக உள்ளே வரும்.

எலக்ட்ரீஷியன் சூர்ட் வந்து பெட்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தான்.

"மீட்டர்லேருந்து தனி வயர் இழுக்கணும். தனி பிரேக்கர். பெட்டி பக்கத்துல கைக்கு எட்டுற மாதிரி ஒரு சுவிட்ச். தண்ணிக் குழாய் என்கிட்டயே இருக்கு, அதையும் போட்டுத் தர்றேன். குழாய்ல மட்டும் ஒரு வளைவு விடணும், அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். இல்லேன்னா உள்ள இருக்கிற ஃபேன் அந்த வழியா வெளிக்காத்தை உறிஞ்சிக்கிட்டுத் தண்ணியை வெளிய விடாது. அரை நாள் வேலை."

"அப்ப இன்னைக்கே போட்டுடேன்."

"போடலாம். தண்ணி எங்க போகும்?"

"எதிர்க்க இருக்கே வாய்க்கால், அங்கதான்."

சூர்ட் ஸ்க்ரூடிரைவரைத் திரும்பப் பைக்குள் வைத்தான். "வாரியத்துல சொல்லிட்டியா?"

"நாலு சொட்டுத் தண்ணிக்கா?"

"ஏம்பா, இந்த ஊர்ல வாத்துகூட வாரியத்தைக் கேட்டுட்டுத்தான் தண்ணில இறங்குது. நான் பாட்டுக்குக் குழாயைப் போட்டு, நாளைக்கு என் லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்கன்னா? ஒரு போன் போடு. அஞ்சு நிமிஷம். ஆனா சீக்கிரம் போடு, ஜூலை மூணாவது வாரம் கார் பின்னால கேரவனை மாட்டிக்கிட்டு நான் லீவுக்குப் பிரான்ஸுக்குப் போயிடுவேன். கட்டட வேலைக்காரன் ஒருத்தனும் ஊர்ல இருக்க மாட்டான், தெரியும்ல?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஹார்மென் போன் போட்டான்.

வாரியத்திலிருந்து திருமதி டெர்ப்ஸ்ட்ரா சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷி. ரப்பர் பூட்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, யாரையும் நோகடிக்காத புன்னகை. காபி கொடுத்தார்கள். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார். வீட்ஸ்கே டப்பாவை மூடினாள். எங்கள் ஊர் உபசாரம் அத்தோடு நிறைவடையும். இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீட்டியவர்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"சார், இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"காத்துலேருந்து, மேடம். சூடான காத்து பெட்டிக்குள்ள போய்க் குளிரும். அதுல இருக்கிற ஈரம் சொட்டும். அவ்வளவுதான்."

"எந்தக் காத்து?"

ஹார்மென் குழம்பிப்போய் ஜன்னலைக் காட்டினான். "இதோ, இந்தக் காத்துதான்."

"இன்னைக்கு இங்க இருக்கு, சரி. நேத்து எங்க இருந்துச்சு? அதுதானே கேள்வி."

வாரியத்தைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகைத் தண்ணீர்தான் உண்டு. இங்கே மண்ணில் ஊறி, இங்கே பாசி பிடித்து, இங்குள்ள தவளைகளோடு சேர்ந்து வளர்ந்தது ஊர்நீர். மற்றதெல்லாம் அயல்நீர். அயல்நீர் தப்பான தண்ணீர் என்று யாரும் சொல்லவில்லை. அதன் ஊரில் அது மரியாதையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் விசாரிக்காமல் நம் வாய்க்காலில் விட்டால் பாசியின் மனம் புண்படும்.

"மேற்கிலேருந்து அடிச்சா அது கடல் காத்து. கிழக்கிலேருந்து அடிச்சா ஜெர்மனி வழியா வர்றது. ரெண்டும் அயல்தான், ஆனா பிரிவு வேற வேற," என்றார் டெர்ப்ஸ்ட்ரா. "உங்க பெட்டி காத்தை எடுத்துக்கிறப்போ திசை பார்த்து எடுக்குமா?"

"அது... எடுக்காதுன்னு நினைக்கிறேன்."

"அங்கதான் சிக்கல்."

"அப்ப மழை?" என்று கேட்டாள் வீட்ஸ்கே.

"மழைக்குப் பழைய உரிமை இருக்கும்மா. வாரியம் வர்றதுக்கு முன்னாடியே பெய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதை நாங்க ஒண்ணும் பண்ண முடியல." கடைசி வாக்கியத்தில் அவர் குரல் லேசாகக் கம்மியது.

"எங்க நாரை தினமும் காலையில வாய்க்காலுக்குள்ள ஒண்ணு விடுதே, அது எந்தப் பிரிவு?"

"நாரை இங்கயே பொறந்தது," என்றார் டெர்ப்ஸ்ட்ரா, சிரிக்காமல்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றி முகம் மலர்ந்தது. "சார், போன்ல குழாய் வளைவுல தண்ணி நிக்கும்னு சொன்னீங்களே, எவ்வளவு நேரம் நிக்கும்? கொஞ்ச காலம் தங்கிப் பழகினா, அது ஊர்நீர் ஆயிடுச்சுன்னு நான் உங்களுக்காக வாதாடிப் பார்ப்பேன். வளைவைக் கொஞ்சம் பெருசு பண்ண முடியுமா?"

"எவ்வளவு பெருசு?"

"ஒரு சின்னக் குளம் மாதிரி."

தோட்டத்தை விட வளைவு பெரிதாகிவிடும் என்று ஹார்மென் விளக்கினான். அதை மனதார ஏற்றுக்கொண்டு, அப்படியானால் வாய்க்காலைப் பகிர்ந்துகொள்கிற எல்லோரையும் கூட்டிவைத்துக் கலந்து பேச வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, டெர்ப்ஸ்ட்ரா சைக்கிளில் ஏறிப் போனார்.

எங்கள் நாட்டில் ஓட்டெடுப்பு என்பது பொறுமை இல்லாதவர்களின் வேலை. நாங்கள் எல்லோருக்கும் சம்மதம் வரும்வரை பேசுவோம். சம்மதம் வராவிட்டால் காபி வரும். வாரியத்துக் கட்டடத்தின் பெரிய அரங்கத்தில் நீள்வட்ட மேசையைச் சுற்றி அக்கம்பக்கத்தார் உட்கார்ந்தார்கள். சுவரில் வரிசையாகப் பழைய கரைநாயகர்களின் படங்கள். எல்லோர் முகத்திலும் தண்ணீர் இன்னும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்கிற கவலை. நடுவே, வெள்ளிச் சங்கிலி பூண்டு, இப்போதைய கரைநாயகர் வான் ஸ்லூட்டன் எழுந்து நின்றார்.

"நண்பர்களே, எண்ணூறு வருஷமா நாம தண்ணியோட பேச்சுவார்த்தை நடத்திக்கிட்டிருக்கோம். இந்த எண்ணூறு வருஷத்துல தண்ணி ஒரு தடவைகூட நம்ம கூட்டத்துக்கு வரல. அதுதான் நம்ம வெற்றி. அது வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க. சிலர் கேட்கிறாங்க, வாரியம் ஏன் இவ்வளவு மெதுவாப் போகுதுன்னு. நான் சொல்றேன், வேகமாப் போறது வெள்ளம். நாம வெள்ளத்துக்கு எதிரி."

கைதட்டினார்கள். கீழ்வாய்க்கால் ஓரத்தில் ஆடு வளர்ப்பவர் கையைத் தூக்கினார்.

"அந்தத் தண்ணி ஜில்லுனு வருமா?"

"ஆரம்பத்துல கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்," என்றான் ஹார்மென்.

"அதான் பார்த்தேன். என் ஆடுங்க அங்கதான் குடிக்குது. ஜில்லுனு குடிச்சுப் பழகிட்டா அப்புறம் சாதா தண்ணியைத் திரும்பிக்கூடப் பார்க்காதுங்க. அதுக்கு யார் பொறுப்பு?"

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. 'துளிப் பணிக்குழு' என்று ஒன்று அமைக்கப்பட்டது. குழாயின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும் துளி, விழுவதற்கு முன்னால் ஹார்மெனுடையதா வாரியத்தினுடையதா என்பதை அது முதலில் ஆராயும்.

ஹார்மென் தயங்கித் தயங்கி எழுந்தான். பஸ்ஸில் அறிவிப்பு செய்கிற குரல்தான் அவனுக்குத் தெரியும். அந்தக் குரலிலேயே பேசினான்.

"ஐயா, என் மனைவிக்கு வெயில் வந்தா கால் விழுந்துடும். போன வருஷம் அவளை வெளிய அனுப்ப வேண்டியதாப் போச்சு. இந்த வருஷமாவது அவ வீட்டுல இருக்கணும். சூடு ஏறுறதுக்குள்ள கிடைச்சுடுமா?"

வான் ஸ்லூட்டன் மார்பில் கை வைத்தார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நானும் சூடு தாங்க மாட்டேன். அதனாலதான் இந்த அரங்கத்துக்கு முதல் வேலையா ஏசி போட்டோம்."

ஹார்மென் மேலே பார்த்தான். உண்மைதான், ஜிலுஜிலுவென்று இருந்தது.

"அந்தத் தண்ணி எங்க போகுது, ஐயா?"

யாரோ கரண்டியைக் கோப்பையில் வைத்த சத்தம் கேட்டது. கரைநாயகர் சங்கிலியைச் சரிசெய்துகொண்டார்.

"அது பழைய உரிமை," என்றார்.

பணிக்குழு தன் ஆய்வுக்காக ஒரு குப்பி மாதிரித் தண்ணீர் கேட்டது. கேட்டதில் தப்பில்லை. ஆனால் தண்ணீர் வேண்டுமானால் பெட்டி ஓட வேண்டும், ஓட மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு வயர் வேண்டும், வயருக்கு மண்ணைத் தோண்ட வேண்டும், தோண்ட வேண்டிய மண்ணோ வாய்க்கால் ஓரத்து மண். வாய்க்கால் ஓரத்து மண்ணும் வாரியத்தின் கண்காணிப்பில் இருந்தது. அதற்கு வேறு அறை, வேறு அதிகாரி: திரு. க்ளாவர்.

"தோண்டறதுல எனக்கு ஆட்சேபணையே இல்ல," என்றார் க்ளாவர். "ஆனா கரண்ட் போற இடத்துல தண்ணி தேங்கக் கூடாது. முதல்ல வடிகுழாயைப் போட்டுட்டு வாங்க."

ஹார்மென் எதிர் அறைக்குப் போனான். "முதல்ல மாதிரித் தண்ணி கொண்டு வாங்க, குழாய்க்கு அனுமதி தந்துடறேன்," என்றார் டெர்ப்ஸ்ட்ரா.

கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமாகும் என்கிற கதைதான். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு காபி இயந்திரம் இருந்தது. இருவரும் அதன் முன்னால் நின்று, பேரன் பேத்திகளின் படங்களைக் காட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதை ஹார்மென் தன் கண்ணாலேயே பார்த்தான்.

"நீங்க ரெண்டு பேரும் இப்பவே பேசி முடிவு பண்ணக் கூடாதா?" என்று கேட்டான்.

இருவரும் கொஞ்சம் அதிர்ந்துதான் போனார்கள். "இது காபி நேரம் சார்," என்றார் க்ளாவர். "துறைக்குத் துறை பேசுறது வியாழக்கிழமை."

"அப்ப வியாழக்கிழமை வரேன்."

"வியாழக்கிழமை நான் வர மாட்டேன். பேரனைப் பார்த்துக்கிற நாள்," என்றார் அவரே.

ஹார்மென் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வீட்ஸ்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "என் பெட்டி எங்க இருக்கு, மேல பரண்லயா?" என்று கேட்டாள். ஏசிப் பெட்டியை அல்ல, துணிப் பெட்டியை. வானிலை அறிக்கையை அவளும் கேட்டிருந்தாள். ஹார்மென் தோட்டத்துக்குப் போய், நாரையைக் கையை வீசி விரட்டினான். பாவம், அது செய்த குற்றம் ஒன்றுமில்லை.

ஜூலை மூன்றாம் வாரம் வெயில் வந்தது. சாதாரண வெயில் இல்லை. பசுக்கள் மரநிழலில் ஒண்டிக்கொண்டு வெளியே வர மறுத்தன, ரொட்டிக் கடைக்காரன் அடுப்பை மூடிவிட்டு வாசலில் உட்கார்ந்தான். வீட்ஸ்கேவின் கால்கள் மடங்கின. ஹார்மென் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்து வில்லோ மரநிழலில் நாற்காலியில் உட்கார வைத்து, துணி துவைக்கிற தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, அதில் அவள் கால்களை வைத்தான். பராமரிப்பு இல்லத்து வண்டி மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். துணிப் பெட்டி வாசலில் தயாராக நின்றது.

தெருவில் சூர்ட் காரின் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டிருந்தான். வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மன்னிச்சுக்கோ ஹார்மென், பையில வயரெல்லாம் அப்படியேதான் இருக்கு, ஆனா என்ன பண்ண?" என்றான்.

அன்றைக்கென்று பார்த்து வாரியத்தின் கோடைக்கால வாய்க்கால் பார்வை. வருடா வருடம் கரைநாயகர் பரிவாரத்தோடு பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடந்து வந்து, அவரவர் வாய்க்காலை அவரவர் சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். இது தொன்றுதொட்டு வரும் வழக்கம். வெயிலைப் பார்த்து நிறுத்துகிற வழக்கம் அல்ல. இந்த முறை பரிவாரம் ஹார்மெனின் தோட்டத்துக்குப் பின்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

காரணம், அங்கேதான் வாரியத்தின் அளவுகோல் நட்டிருந்தது. வெள்ளைப் பலகை, கறுப்புக் கோடுகள், நடுவில் சிவப்பாக ஒரு கோடு. தண்ணீர் எப்போதும் சிவப்புக் கோட்டில் நிற்கும் என்று வாரியம் தீர்மானம் போட்டிருந்தது. தண்ணீரோ தீர்மானத்தைப் படிக்கவில்லை. பல வாரமாக மழை இல்லாமல் வாய்க்கால் சேறாகிக் கிடந்தது. அளவுகோலின் அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குட்டை. அதில் ஒரு தவளை.

வான் ஸ்லூட்டனின் முகம் வெளுத்தது. "எண்ணூறு வருஷம்," என்றார். "எண்ணூறு வருஷமா தண்ணியை வெளிய தள்ளியே பழகிட்டோம். உள்ள கூப்பிடறது எப்படின்னு நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல." டெர்ப்ஸ்ட்ராவிடம் திரும்பினார். "ரைன் நதிலேருந்து கொஞ்சம் திருப்பிவிட முடியாதா?"

"கேட்டாச்சு, ஐயா. அது சுவிட்சர்லாந்துலேருந்து வருது. அயல்நீர்ல முதல் பிரிவு. பணிக்குழு உட்காரணும்."

வீட்ஸ்கே நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கால்தான் ஓடவில்லை. வாயும் கையும் நன்றாகவே ஓடின.

"ஹார்மென், இந்தத் தொட்டித் தண்ணி சூடாயிடுச்சு. கொட்டிட்டு வேற ஊத்து."

"எங்க கொட்டறது?" என்றான் ஹார்மென், பரிவாரத்தைப் பார்த்தபடி.

"எங்க கொட்டுவாங்க? வாய்க்கால்ல."

அப்போதுதான் ஹார்மென், வாழ்க்கையில் முதல் தடவையாக, சிவப்பு விளக்கைத் தாண்டினான். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கரைநாயகரின் கண்ணெதிரே, அளவுகோலின் காலடியில் கவிழ்த்தான். சோப்பு நுரையோடு ஒரு அலை எழுந்தது. தவளை தாவியது. குட்டை வீங்கி, அளவுகோலில் ஏறி, சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கியது.

பரிவாரம் முழுவதும் அளவுகோலின் பக்கம் குனிந்தது.

"அது எந்தத் தண்ணி?" என்றார் டெர்ப்ஸ்ட்ரா, பாதிக் குரலில்.

"என் கால் நனைச்ச தண்ணி," என்றாள் வீட்ஸ்கே. "உங்க கோட்டைத் தொட்டுச்சா இல்லையா? அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தா நாள் பூரா தொடர்ந்து சொட்டும். ஆனா அதுதான் அயல்நீர் ஆச்சே, உங்களுக்கு வேணாம். விடுங்க, நான் பிங்கோவுக்குப் போறேன்."

வான் ஸ்லூட்டன் அளவுகோலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்கள் நனைந்திருந்தன. அன்றைக்கு லாகெமேரில் நனைந்திருந்தது அது ஒன்றுதான்.

"டெர்ப்ஸ்ட்ரா," என்றார் மெதுவாக, "நாம இதைத் தப்பாப் பார்த்துட்டோம். இவங்க வீட்டுத் தண்ணி கழிவு இல்ல. இது வரவு."

"ஐயா?"

"வெளிய விடறவங்க இல்ல இவங்க. நமக்கு வழங்கறவங்க. வழங்கறதுக்கு அனுமதி எதுக்கு? நன்றிதான் சொல்லணும்." பிறகு நிமிர்ந்து நின்று, வெள்ளிச் சங்கிலி குலுங்க, உரத்த குரலில், "கரைப்படையைக் கூப்பிடுங்க!" என்றார்.

கரைப்படை என்பது வெள்ளம் வந்தால் கரையைக் காக்க ஓடி வருகிற ஊர்த் தொண்டர் படை. அது கூடி வெகுகாலம் ஆகிவிட்டது. வறட்சிக்காக அதைக் கூப்பிட்டது இதுவே முதல் தடவை என்பதால் அதற்கு வேறெதுவும் தெரியவில்லை. ஆரஞ்சு அங்கி மாட்டிக்கொண்டு, லாரி நிறைய மணல் மூட்டைகளோடு வந்து இறங்கியது. வாய்க்காலில் தண்ணீர் இல்லையே என்று யாரோ சொன்னார்கள். இருந்தாலும் முறை முறைதான் என்று மூட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுத்தார்கள்.

சூர்ட்டைக் கேரவனோடு வழிமறித்தார்கள். "நான் விடுமுறையில இருக்கேன்!" என்று கத்தினான் அவன். "அவசரகாலம்," என்றார் க்ளாவர். "அவசரகாலத்துல கரைநாயகர் எந்த மனுஷனையும், எந்தக் குதிரையையும் வேலைக்கு எடுத்துக்கலாம். சட்டத்துல இருக்கு." தான் மனுஷனா குதிரையா என்று கேட்காமல் சூர்ட் பையைத் திறந்தான். மீட்டரிலிருந்து பெட்டி வரை பள்ளம் தோண்டினார்கள், வயரைக் கிடத்தினார்கள், பிரேக்கரையும் சுவிட்சையும் பொருத்தினார்கள். சூர்ட் குழாயை வளைத்துப் போட்டு, வளைவில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, நுனியை அளவுகோலுக்கு நேராகத் திருப்பி வைத்தான். அவன் சொன்னபடி அரை நாள்கூட ஆகவில்லை.

பராமரிப்பு இல்லத்து வண்டி வந்து, இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ சாவு வீடு என்று நினைத்து ஓரமாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. அதாவது, ஓட்டுநர் நின்றார்.

சூர்ட் சுவிட்சைப் போட்டான். பெட்டி ஒரு தடவை இருமியது, பிறகு ஒரே சீராக முனகத் தொடங்கியது. எல்லோரும் குழாயின் நுனியைப் பார்த்தார்கள். கரைநாயகர் பேசினார்; துளி விழுவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார், துளி அவரை விடப் பொறுமைசாலி. கடைசியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, நடுங்கி, விழுந்தது. கைதட்டல் எழுந்தது. ஆடு வளர்ப்பவர்கூடத் தட்டினார்.

உள்ளே, துவாரத்துக்கு எதிரே உட்கார வைத்திருந்த வீட்ஸ்கேவின் முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஹார்மென் வாசலுக்குப் போய்த் துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினான். ஏறும்போது அழுதான் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். அந்தக் கோடை முழுவதும் இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள்.

அக்டோபரில் முதல் குளிர்காற்று அடித்தது. ஹார்மென் பெட்டியின் சுவிட்சை நிறுத்தினான். மறுநாளே டெர்ப்ஸ்ட்ரா சைக்கிளில் வந்துவிட்டார். வழக்கம்போல ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

"சார், நீங்க நிறுத்திட்டீங்கன்னு அளவுகோல் சொல்லுது."

"குளிர்காலம் வந்துடுச்சே, மேடம்."

"இருக்கலாம். ஆனா வாய்க்கால் மட்டத்தை உங்க சொட்டையும் சேர்த்துத்தான் இப்ப நிர்ணயம் பண்ணியிருக்கோம். நீங்க வழங்குநர். வழங்குநர் நினைச்ச நேரத்துக்கு நிறுத்த முடியாது. விலகறதுக்கு அனுமதி கேக்கணும். அக்கம்பக்கத்தைக் கூட்டிக் கலந்து பேசணும்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆட்டுக்காரர் வேற எழுதிக் கொடுத்திருக்கார். ஆடுங்க இப்ப வேற தண்ணியைத் தொடறதே இல்லையாம்."

"குளிர்ல அது ஒரு சொட்டுகூடச் சொட்டாதே!"

"சொட்டறதும் சொட்டாததும் இயற்கை சார். ஓட்டறது உங்க கடமை."

அதன்பின் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வாய்க்கால் உறைந்து, ஊர்ப் பிள்ளைகள் அதன்மேல் சறுக்கி விளையாடிய ஜனவரியிலும் ஓடியது. ஹார்மென் பஸ் ஓட்டுநரின் கனத்த கோட்டை வீட்டுக்குள்ளும் மாட்டிக்கொண்டான். கம்பளித் தொப்பி, கையுறை, மூக்கில் எப்போதும் ஒரு துளி. அந்தத் துளி யாருடையது என்று பணிக்குழு இன்னும் கேட்கவில்லை.

விலகல் அனுமதி எந்த அளவில் இருக்கிறது என்று சொல்ல டெர்ப்ஸ்ட்ரா மறுபடி வந்தார். வசந்தத்துக்குள் கிடைத்துவிடுமாம். ஹார்மென் போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் கண்கள் சமையலறை வாசலில் போய் நின்றன.

வீட்ஸ்கே காபித் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்துகொண்டிருந்தாள். கைத்தடி எங்கேயோ கிடந்தது. கன்னம் சிவந்து, முதுகு நிமிர்ந்து, ஒரு சொட்டு சிந்தாமல் நடந்து வந்து தட்டை மேசையில் வைத்தாள். அவள் இப்படி நடந்து பார்த்து எத்தனை வருஷமானது என்று ஹார்மெனுக்கு ஞாபகமில்லை. அவன் தும்மினான்.

"அனுமதிக்கு ஒண்ணும் அவசரமில்ல, மேடம், நல்லாக் கலந்து பேசுங்க," என்றாள் அவள். "ஹார்மென், அந்தப் பராமரிப்பு இல்லத்துல ஹீட்டர் நல்லா வேலை செய்யும். இந்தக் குளிருக்கு ரெண்டு வாரம் நீ போயிட்டு வா. பிங்கோ ஒண்ணும் அவ்வளவு கஷ்டமில்ல."

பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து டெர்ப்ஸ்ட்ராவிடம் நீட்டினாள். அவர் ஒன்று எடுத்துக்கொண்டார். டப்பா மூடப்படவில்லை. மறுபடி அவர் முன்னால் வந்து நின்றது.

"ரெண்டாவதா?" என்றார் டெர்ப்ஸ்ட்ரா.

"எடுத்துக்கோங்க."

டெர்ப்ஸ்ட்ரா இரண்டாவது பிஸ்கட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இதைத் தின்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.